இரண்டு சந்தோஷ் ஜாதவ்

நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேம், இத்தனை வருஷத்துல நீங்க எழுதின புரோகிராம்ல உங்களால மறக்கவே முடியாத வரி எது?" வாயில் கேக் இருந்ததால் சிரித்துத் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது பதில் உடனே வந்தது. ஒரே ஒரு வரி. ஒரு லிஸ்டை செட்டாக மாற்றும் வரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் எல்லாரும் எழுதியிருப்பீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வழியில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லிஸ்ட் என்பது வரிசை. வந்தவர் வந்தபடி நிற்பார். ஒருவரே இரண்டு முறை வந்தாலும் இரண்டு முறை நிற்பார். செட் அப்படியில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்ளாது. சேர்க்கவில்லை என்று சத்தம் போட்டும் சொல்லாது. 'ஏற்கெனவே இருப்பவர்' என்றால் யார்? அதை எழுதுகிறவர் சொல்ல வேண்டும். அன்று சொன்னவள் நான்.

புனே பக்கத்தில் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை. உறைய வைத்த காய்கறி, பட்டாணி, பரோட்டா எல்லாம் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். குளிரூட்டுவதற்குக் குழாய்களில் அம்மோனியா ஓடும். அது கசிந்தால் கண்ணும் தொண்டையும் எரியும். அதிகமானால் ஆள் உயிரோடு திரும்ப முடியாது. அதனால் எந்த நிமிடத்திலும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்கள். காலையில் வாசலில் அட்டையைத் தட்டி உள்ளே போக வேண்டும். சங்கு ஊதினால் எல்லாரும் வெளி மைதானத்துக்கு ஓடி வந்து அங்கே இன்னொரு கருவியில் தட்ட வேண்டும். தட்டியவரின் பெயர் திரையிலிருந்து போய்விடும். திரையில் மீதி இருக்கும் பெயர்கள் உள்ளே மாட்டிக்கொண்டவர்களுடையவை. எங்கள் சின்னக் குழு அதைச் செய்துகொடுத்தது. தலைமை நான்.

போட்டுக்கொடுத்த பத்தாவது நாள் முதல் புகார் வந்தது. திரை, இருக்கிற ஆட்களை விட அதிகமாகக் காட்டுகிறது. காரணம் சுலபமாகக் கிடைத்தது. வாசல் கருவி 'பீப்' என்று ஒலிக்கக் கொஞ்சம் தாமதமாகும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு முறை தட்டிவிடுவார்கள். சிலருக்கு ஒலியே வராது. காவலர் அன்றைக்கு மட்டுமான தற்காலிக அட்டை கொடுப்பார். பார்த்தால் பழைய அட்டையும் பதிவாகியிருக்கும். ஒரே ஆள், இரண்டு அட்டை எண். எனவே அட்டை எண்ணை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் எண்களையோ ஒப்பந்தக்காரர்கள் மாதாமாதம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பெயர், ஒப்பந்தக்காரர், பிரிவு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். லிஸ்டை செட்டாக்கினேன். திரையின் எண் சட்டென்று இறங்கி, ஆட்களின் எண்ணிக்கைக்கு வந்து நின்றது. புகார் நின்றது. எனக்குப் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. எண் இறங்கியபோது உதிர்ந்துபோனவை எவை என்று நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, வாசல் கருவிகளை மாற்றும் வேலைக்காக ஒரு நாள் ரஞ்சன்காவ் போனேன். புனேயின் போபோடியில் என் வீட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பியும் நகர் நெடுஞ்சாலையின் நெரிசலைக் கடந்து போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. வாசலில் இருந்த காவலர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை 'தாயி' என்றார்கள். மராத்தியில் அது அக்கா. தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். கடைசிவரை எனக்கும் அவர் தாயிதான்.

கணினி வந்த பிறகும் அவர் ஒரு நீள நோட்டில் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம், நீங்கதானே இதைச் செஞ்சது? ஒரு விஷயம். உங்க மெஷின்ல சில நாள் ஏக் கமி ஆஹே. என் நோட்டை விட ஒண்ணு குறையுது."

"தினமுமா?"

"தினமும் இல்ல. சில நாள் ஒண்ணு, சில நாள் ரெண்டு, சில நாள் சரியா இருக்கு. ஆபீஸ்ல சொன்னேன். கம்ப்யூட்டர் தப்பாது, நீதான் தப்பா எண்ணியிருப்பேன்னாங்க."

"நெட்வொர்க்கா இருக்கும், பாக்கறேன்" என்றேன். அந்தப் பதிலை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒன்று குறைகிறது, அதுவும் சில நாள் மட்டும் என்று ஒருவர் சொன்னால், நம் தொழிலில் இருப்பவருக்கு உடம்பெல்லாம் பூச்சி ஊறியதுபோல் இருக்க வேண்டும். எனக்கு அன்று ஊறவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி இருக்கும். சங்கு ஊதியது. ஒத்திகை என்று நினைத்து மெதுவாக எழுந்தேன். நடைபாதைக்கு வந்ததும் மூக்கில் ஊசி குத்தியதுபோல் ஒரு நெடி. யாரோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மடிக்கணினி மட்டும் கையோடு வந்திருந்தது.

மைதானத்தில் கூட்டம் வரிசையாக நின்று அட்டை தட்டியது. நாங்கள் எழுதியது வேலை செய்வதை முதல் தடவையாக நிஜத்தில் பார்க்கிறேன். பெரிய திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பது. பதினெட்டு. ஐந்து. இரண்டு. பூஜ்யம். யாரோ கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி நிதானமான மனிதர். வால்வை வெளியிலிருந்தே மூடியாகிவிட்டது. உள்ளே யாரும் இல்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நெடி அடங்கும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும். யாராவது இருந்தால், முதுகில் காற்று உருளை மாட்டிய இரண்டு பேரை அந்த நெடிக்குள் அனுப்ப வேண்டும். அவர்களும் குடும்பஸ்தர்கள். பூஜ்யத்தைப் பார்த்ததும், "யாரும் உள்ளே போக வேண்டாம்" என்று அவர் சொல்ல வாயெடுத்தார்.

தாயி நோட்டோடு முன்னால் வந்தார்.

"சாஹேப், ஒருத்தர் குறையறார். சந்தோஷ் ஜாதவ்."

அதிகாரி உரக்கக் கூப்பிட்டார். "சந்தோஷ் ஜாதவ்!"

கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. ஒல்லியான ஓர் இளைஞர். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அதிகாரி தாயியைப் பார்த்து, "இதோ இருக்காரே" என்றார்.

"இவர் இல்ல சாஹேப். இன்னொருத்தர். பேக்கிங்ல ரெண்டு சந்தோஷ் ஜாதவ். ஒரே ஒப்பந்தக்காரரோட ஆளுங்க. இவர் இங்க இருக்கார். தாடி வெச்சவரைக் காணோம்."

"டீ குடிக்க வெளிய போயிருப்பார்."

"என் வாசலைத் தாண்டி யாரும் போகல."

அதிகாரி திரையைப் பார்த்தார், தாயியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க சிஸ்டம் பூஜ்யம்னு சொல்லுது. இதுல தப்பு வர வாய்ப்பு இருக்கா?"

ஒரே பெயர். ஒரே ஒப்பந்தக்காரர். ஒரே பிரிவு. நான் தேர்ந்தெடுத்த அதே மூன்று. காலையில் காதில் விழுந்த 'ஒண்ணு குறையுது' இப்போதுதான் உள்ளே இறங்கியது.

அன்று காலை தட்டிய பதிவுகள், செட்டாக மாறுவதற்கு முந்தைய லிஸ்டாக, மடிக்கணினியில் இருந்தன. திறந்து தேடினால் இரண்டு ஜாதவும் இருக்கிறார்களா என்று நிரூபித்துவிடலாம். ஐந்து நிமிடம் ஆகும். சரிபார்க்காமல் வாயைத் திறக்காதே என்பது நம் தொழிலில் முதல் நாளே பழகும் குணம். அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பவர் எத்தனை மூச்சு விடுவார் என்ற நினைப்புதான் என்னை உலுக்கியது. இன்னொரு பக்கம், நான் சொல்லி இரண்டு பேர் நெடிக்குள் போய், அந்தத் தாடிக்காரர் எங்கோ வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தால்?

தாயியின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை.

"இருக்கு சார்" என்றேன். "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா என் புரோகிராம் ஒருத்தரைத்தான் எண்ணும். அந்தப் பூஜ்யத்தை நம்பாதீங்க. அவங்க நோட்டை நம்புங்க."

அதிகாரி என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். கோபப்படக்கூட அவருக்கு நேரம் இல்லை. "தாடி வெச்ச சந்தோஷ் கடைசியா எங்க இருந்தார்?" என்று ஒல்லிச் சந்தோஷைக் கேட்டார். அட்டைப்பெட்டி எடுக்கப் போவதாகச் சொன்னார் என்று பதில் வந்தது. அட்டைப்பெட்டி அறை, குழாய் கசிந்த அதே நடைபாதையின் கோடியில் இருந்தது.

இரண்டு பேர் உள்ளே போனார்கள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். அந்த லிஸ்டில் தேடினேன். காலை ஏழு மணி ஐம்பத்திரண்டுக்கு ஒரு சந்தோஷ் ஜாதவ். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு இன்னொரு சந்தோஷ் ஜாதவ். நான் தலை நிமிர்ந்தபோது தாடிக்காரரைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். முகத்தில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. இருமிக்கொண்டே நடந்தார். நடந்தார் என்பதைப் பார்த்த பிறகுதான் மடிக்கணினியை மூடினேன்.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு கவிதாவுக்குப் போன் செய்தேன். கவிதா எங்கள் டெஸ்டர்; புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாங்கள் எப்படி இதைத் தவற விட்டோம் என்பது எனக்கு அப்போதே தெரிந்தாக வேண்டியிருந்தது.

"கவிதா, செட்டா மாத்தினோமே, அதுக்கு டெஸ்ட் பண்ணின பேரெல்லாம் பாத்துச் சொல்லு. ஒரே பேர்ல ரெண்டு ஆள் இருக்காங்களா?"

"ருக்கோ அக்கா, இருங்க பாக்கறேன்... நாப்பது பேர் இருக்கு. சப் வேற வேற பேர்தான்."

"யார் வெச்ச பேரு?"

கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான் எக்ஸெல்ல போட்டு அனுப்பினீங்க அக்கா."

கற்பனையில் நாற்பது பேருக்குப் பெயர் வைக்கச் சொன்னால் மனுஷி நாற்பது விதமான பெயர் வைப்பாள். ஒரே பெயரை இரண்டாவது ஆளுக்கு வைக்கக் கை வராது. ஊர் உலகம் அப்படிப் பெயர் வைப்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கட்கியில் நான் படித்த பள்ளியில் என் வகுப்பிலேயே மூன்று ஸ்டெல்லாக்கள். டீச்சர் இனிஷியல் சொல்லாமல் கூப்பிட்டால் மூன்று குரல் "எஸ் மிஸ்" என்னும். பத்து வருடம் பி. ஸ்டெல்லாவாக வாழ்ந்தவளுக்கு, ஒரு தொழிற்சாலையில் இரண்டு சந்தோஷ் ஜாதவ் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். அவர் எழுதிய முதல் வாக்கியம் இப்படி இருந்தது: வாடிக்கையாளர் தந்த தகவலில் ஒரே பெயர் இரு முறை இடம்பெற்றிருந்தது.

"இது தகவல் பிழை இல்ல சார்" என்றேன். "அவங்கவங்க அம்மா அப்பா வெச்ச பேரு."

"அப்ப என்னன்னு எழுதறது?"

"ரெண்டு ஆள் ஒரே ஆளான்னு முடிவு பண்ணின விதி தப்பு. அந்த விதியை எழுதினது நான். நாலு மாசமா வாசல்ல ஒருத்தர் சொல்லியும் யாரும் பாக்கல. அன்னைக்குக் காலையில என்கிட்டயே சொன்னாங்க, நானும் பாக்கல. இப்படி எழுதுங்க."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

போட்டேன். அந்த வருடம் குழுத் தலைமை என்னிடமிருந்து போனது. வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் எனக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். நான்கு மாதத்தில் அந்த ஒரு வரி உதிர்த்த பதிவுகள் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அது எவ்வளவு சுவாரஸ்யமான படிப்பாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! பெரும்பாலானவை இரண்டு மூன்று நொடி இடைவெளியில் விழுந்தவை; பொறுமையில்லாத விரல்கள். சில, ஏழெட்டு நிமிட இடைவெளியில். அவை நிச்சயம் வேறு ஆட்கள் என்று முடிவு கட்டினேன். பிறகு ஒரு சுனிதா பவார் குறுக்கே வந்தார். வந்த நாளெல்லாம் அரை நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இது தாமதமாக ஒலித்த பீப்பா, இரண்டு பெண்களா? எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் திரை பதில் சொல்லவில்லை. தாயிக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு பேர் மேடம்" என்றார் நோட்டைத் திறக்காமலே. "ஒரே ஸ்கூட்டியில வருவாங்க. ஒருத்தி வண்டியை நிறுத்திட்டு வர நேரம்தான் அந்த அரை நிமிஷம்."

"அப்ப ஏழு நிமிஷம் கழிச்சுத் தட்டற கணேஷ் ஷிண்டே? அவரும் ரெண்டு பேர்தானே?"

"அவர் ஒருத்தர்தான். உள்ள வந்துட்டு, டிபன் டப்பாவை வண்டியிலயே விட்டுட்டேன்னு திரும்பி ஓடுவார். வாரத்துல மூணு நாள்."

இடைவெளியை வைத்து நான் போட்டிருந்த முடிவுகள் இரண்டு பக்கமும் கவிழ்ந்தன. அந்த வாரம் முழுக்க நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். பதினோரு ஜோடி வந்தது. நான்கு மாதத்தில் பதினோரு பேர், உள்ளே வேலை செய்துகொண்டே, எங்கள் கணக்கில் வராமல் இருந்திருக்கிறார்கள்.

பிறகு மாற்றி எழுதினோம். டெஸ்டராக இருந்தாலும் இந்த முறை எழுதியது கவிதாதான்; எனக்குச் சொல்ல இருந்தது இரண்டே விஷயம். ஒவ்வொருவருக்கும் முதல் நாள் வாசலிலேயே மாறாத ஓர் எண். அதையும் மீறி இரண்டு பதிவுகள் ஒரே ஆளைப்போல் தெரிந்தால், புரோகிராம் தானாக ஒன்றைத் தூக்கிப் போடக் கூடாது. இரண்டையும் மஞ்சள் நிறத்தில் காட்டி வாசலில் இருப்பவரைக் கேட்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் இரண்டு பேர் என்றே எண்ண வேண்டும். அதிகமாக எண்ணினால் இல்லாத ஆளைத் தேடிப் போவோம். குறைவாக எண்ணினால் இருக்கிற ஆளை விட்டுவிட்டு வருவோம்.

ஒரு வகைத் தொகுப்பை இன்னொரு வகையாக மாற்றுவது ஒரு வரி வேலை என்பதால் அதை ஒரு முடிவு என்று நாம் நினைப்பதில்லை. லிஸ்டை மேப்பாக, அதாவது ஒரு சாவிக்கு ஓர் ஆள் என்ற தொகுப்பாக, மாற்றும்போதும் இதே கதைதான். ஒரே சாவியோடு இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் போய்விடுவார், எந்தத் தகராறும் இல்லாமல். மாற்றுவதற்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதில் இருப்பவை எவை என்று திறந்து படியுங்கள். படிக்க அலுப்பாக இருந்தால், அதைத் தெரிந்த ஆளிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் உங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டார்.

கசிவு நடந்து மூன்று வாரம் கழித்து, புதிய புரோகிராமைப் போடக் கவிதாவோடு நானும் ரஞ்சன்காவ் போயிருந்தேன். தாடி வைத்த சந்தோஷ் ஜாதவ் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஷிஃப்டுக்கு முன்னால் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குரல் இன்னும் கரகரவென்று இருந்தது. நான் யார் என்று தாயி சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்துதான் பக்கத்தில் போனேன்.

அன்று நடந்ததை அவரே சொன்னார். பெட்டி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்ததாம். கதவைச் சாத்தி, இடுக்கில் அட்டைகளைத் திணித்து, குடிதண்ணீரில் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாராம். செல்போனைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோக விடுவதில்லை.

"ஓடிப் பாக்கலாம்னு ஒரு தடவை எழுந்தேன் மேடம். அப்பறம் ட்ரெயினிங்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. வெளிய வர முடியலைன்னா கதவைச் சாத்திட்டு இரு, உன் பேரு திரையில இருக்கும், நாங்க வருவோம்னு சொல்லியிருந்தாங்க. காலையில கார்டு தட்டினேனே, பீப் கேட்டுச்சே, பேரு இருக்கும், வருவாங்கன்னு உக்காந்துட்டேன்."

பிறகு அவரே கேட்டார்.

"பேரு இருந்துச்சுல்ல?"

பக்கத்தில் கவிதா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். திரையில் அந்தப் பெயர் இருந்தது என்பது பொய்யும் இல்லை.

"ஒரு பேர்தான் இருந்துச்சு" என்றேன். "அது உங்க கூட வேலை செய்யறவரோடது. நீங்க அவருக்கு ஏழு நிமிஷம் பின்னாடி வந்தீங்க. ரெண்டு பேரையும் ஒருத்தர்னு நான் எழுதி வெச்சிருந்தேன். அவர் வெளிய வந்ததும் திரை பூஜ்யத்துக்குப் போயிடுச்சு."

அவர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அப்ப நான் ஓடியிருக்கணுமா மேடம்?"

"இல்ல சந்தோஷ். ஓடியிருந்தா நீங்க பிழைச்சிருக்க மாட்டீங்க. நீங்க உக்காந்திருந்தது சரி. நாங்க எண்ணினதுதான் தப்பு."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போனார்.